காலண்டருக்குப் பின்னால் இருந்த சுவர்

வீட்டை விற்பது என்று நாங்கள் முடிவு செய்தது ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. காரணம் என் மனைவியின் முழங்கால். அவள் திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீடு ஒத்தக்கடையில். மதுரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, நடுவில் பஸ் மாறி, பதினேழு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் மே மாதம் முடியும்வரை எங்களுக்காகப் பொறுத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் எங்கள் வீடு விலைபோகாவிட்டால், ஜூனில் அவளுக்கு மறுபடியும் ஆறு நாற்பது பஸ்தான்.

முதலில் வந்து பார்த்த இரண்டு குடும்பங்களும் "சொல்லியனுப்புறோம்" என்றார்கள். சொல்லியனுப்பவில்லை.

நாலு நாள் பார்த்துவிட்டு, ஒரு மாலை நோட்டை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு முன்பின் வந்திராதவனைப் போல வாசலிலிருந்து கொல்லைவரை நடந்தேன். இருபத்து மூன்று குறைகள் இருந்தன.

"பதினெட்டு வருசமா இருக்குற வீட்டச் சுத்திப் பாக்க நோட்டு வேணுமாக்கும்?" என்றாள் என் மனைவி.

பெரிய செலவு செய்ய எங்களால் ஆகாது. அதனால் வருகிறவர் கைபடும் இடங்களிலிருந்து தொடங்கினேன். இரண்டு குடும்பங்களையும் கிறீச்சிட்டு வரவேற்ற வாசல் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். குளியலறைக் கதவு ஊறிப்போய் அடியில் உரசும், உதைத்தால்தான் திறக்கும். அதைக் கழற்றி அடிப்பக்கத்தை இழைத்து மாட்டினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான் உப்புத்தாளால் தேய்த்துத் தோற்றேன். அவள் கெட்டியாகப் புளியைக் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றிவைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்துத் தேய்த்தபோது பளிச்சென்றாகிவிட்டது. பரண் சாமான்கள் பழைய இரும்புக்காரரிடம் போயின. ஜன்னல் கொசுவலைகளைக் கழுவியதும் கூடத்துக்குள் வெளிச்சம் வந்தது. அத்தனை நாளும் அதை மேகமூட்டம் என்று நினைத்திருந்தோம் போல.

பத்தாவது நாள் அவள் குளியலறைக் கதவை ஒரு விரலால் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இதப் பத்து வருசத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"



மிச்சம் இருந்தது கூடத்துச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் குளியலறை. முந்தைய வருடம் ஐப்பசியில் குழாய் கசிந்தது, மாற்றிவிட்டோம். கசிவு நின்றது, கறை மட்டும் நெஞ்சுயரத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தங்கிவிட்டது. முன்பு சுவருக்கு அடித்த அதே நிற எண் பெயிண்டைத் தேடி வாங்கி, கறையின்மேல் நானே அடித்தேன். சுவர் பழசாகி மங்கியிருந்தது, பெயிண்ட் புதிது. காய்ந்ததும் அந்த இடம் மட்டும் தனிச் சதுரமாகத் தெரிந்தது. பெயிண்டரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒட்டுப்போட்டா தெரியத்தான் செய்யும் சார். சுவரு முழுசா அடிக்கணும். மேலூர்ல வேலையா இருக்கேன், பதினஞ்சு நாள் கழிச்சு வாரேன்."

மறுநாள் காலையிலேயே ஒரு குடும்பம் வீடு பார்க்க வருவதாக இருந்தது. என் மனைவி அடுக்களையிலிருந்து தினசரிக் காலண்டரை எடுத்துவந்து அந்தச் சதுரத்தின்மேல் மாட்டினாள். அளவெடுத்துச் செய்ததுபோல மூடிக்கொண்டது.

வந்தவர்கள் இளம் தம்பதி. கேட் சத்தமில்லாமல் திறந்தது. கணவர் எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்தார். அந்தப் பெண் குளியலறைக் கதவை இரண்டு தரம் திறந்து மூடினாள். பிறகு கொல்லையில் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்களுக்குப் புடிச்சிருக்கண்ணே. நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துர்றோம்" என்றார் அவர்.

என் மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நாளு எப்படின்னு பாக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் நேராகக் காலண்டரிடம் போனாள். எழுத்து பொடியாக இருந்தது. ஆணியிலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

நாங்கள் இந்த மனையை வாங்கியபோதும் காலண்டரைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தோம். வீடு வாங்க வருகிறவர்கள் கட்டாயம் தொடும் பொருள் அது ஒன்றுதான் என்பது, மாட்டும்போது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"என்னண்ணே இது? சுவத்துல சன்னல் வெச்ச மாதிரி இருக்கு?" என்றார் கணவர்.

நான் தொண்டையைச் செருமினேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒளிச்சுத்தான் வெச்சோம் தம்பி." குழாய் கசிந்ததையும் மாற்றியதையும் சொன்னாள். "பெயிண்டு இவரு அடிச்சது. பாத்தாலே தெரியுதுல்ல?"

அந்தப் பெண் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. "வேற என்னெல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கீங்கக்கா?"

"வா, காட்டுறேன்" என்று என் மனைவி அவள் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். இரண்டு தரம் அழுத்தினால்தான் எரியும் கொல்லை விளக்கு. மிக்சிக்கு அடியில் விரிசல் விட்ட மேடைக்கல். கத்திரி வெயிலில் சுணங்கும் போர். நான் பின்னால் போய்க்கொண்டே, விட்டுப்போனவற்றை நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த நோட்டக் குடுங்கண்ணே" என்று வாங்கி, முழுவதும் படித்தாள் அந்தப் பெண். "இம்புட்டுதானா? நாங்க இருக்குற வாடகை வீட்டுக்கு மூணு நோட்டு வேணும்." அப்போதுதான் சிரித்தாள்.

மறுநாள் கரிநாள். "வியாழக்கெழம பத்தரைக்கு மேல வாரோம்க்கா" என்று சொல்லிப்போனார்கள்.

நடுவில் இரண்டு நாள். என் மனைவி குழாய்களைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். வியாழக்கிழமை பத்து நாற்பதுக்குக் கேட் திறந்தது. சத்தம் இல்லாததால் அவர்கள் வாசற்படி ஏறும்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

காலி செய்யும்போது என் மனைவி காலண்டரை அங்கேயே விட்டுவரச் சொன்னாள். விட்டுவந்தோம்.

பள்ளி திறந்த அன்று காலை எட்டு ஐம்பதுக்குப் புது வீட்டிலிருந்து கிளம்பினாள். மெதுவாகத்தான் நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். போய்ச் சேர ஒன்பது நிமிடம் என்று போன் வந்தது.

அவள் சாத்திவிட்டுப்போன கேட் கிறீச்சிட்டதை நோட்டில் எழுதினேன். எழுதியதும் நோட்டை மூடி வைத்துவிட்டு எண்ணெய்ப் புட்டியைத் தேடி எடுத்தேன்.