பின் சீட் இல்லாத வண்டி

பெரியப்பா அறுபது வருடப் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கிவந்து சான் ரமோன் வீட்டுக் கராஜில் நிறுத்தியபோது, குடும்பத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதவள் பெரியம்மா ஒருத்திதான். மற்ற எல்லோரும் சொன்னார்கள். காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறானே என்று திருச்சியிலிருந்து அத்தை போனிலேயே அங்கலாய்த்தாள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டுதான் கராஜுக்குள் கால் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. அப்பா மட்டும் தன் அண்ணனை விட்டுக்கொடுக்காமல், அது மிட்லைஃப் கிரைசிஸ் என்றார்.

"அப்படின்னா?"

"வயசானா வர ஒரு ஜுரம்னு வெச்சுக்கோயேன்."

அடுத்த சனிக்கிழமை பெரியப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

நாங்கள் அமெரிக்காவில் மில்பிடாஸுக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு ஒன்பது வயது. புரியாத விஷயங்கள் ஏற்கெனவே கை நிறைய இருந்தன. வெயில் கொளுத்துகிற நாளில் எப்படிக் குளிர்கிறது, நாயை ஏன் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள், முன்பின் தெரியாதவர் எதிரே வந்தால் ஏன் சிரிக்க வேண்டும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கூட்டத்தில் டிரக்கும் சேர்ந்துகொண்டது.

பெரியப்பாவுக்கு சான்டா கிளாராவில் சிப் வடிவமைக்கிற வேலை. கண்ணுக்கே தெரியாத சமாச்சாரங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தவர். ஸ்பானரை முதன்முதலில் எடுத்தபோது சாம்பார்க் கரண்டியைப் பிடிப்பது மாதிரிதான் பிடித்தார். எஞ்சினையும் கியரையும் மட்டும் ஹேவர்டில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினார். மிச்சத்தை வீடியோ பார்த்துப் பார்த்து அவரே செய்தார். பழைய வண்டிக்குள் புது எஞ்சினை வைத்து, உயரத்தைக் குறைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்து ஓட்டினால் அதற்கு ஹாட் ராட் என்று பெயராம். இந்த ஊர்க்காரர்கள் சிலருக்கு அது ஒரு பைத்தியம் என்று அப்பா விளக்கினார். பைத்தியம் என்றால் சத்தமும் வேகமும் வேண்டாமா? பெரியப்பாவின் வண்டிக்கு இரண்டும் இல்லை.

சனிக்கிழமைதோறும் நாங்கள் போகும்போது வண்டியிலிருந்து பழையது ஒன்று கழன்றிருக்கும், புதியது ஒன்று ஏறியிருக்கும். இரண்டு கையாலும் இழுத்துத் திருப்ப வேண்டிய ஸ்டியரிங் போய், என் சுண்டு விரலுக்கே திரும்புகிற ஸ்டியரிங் வந்தது. கண்ணாடியை இறக்க ஒரு கைப்பிடி இருந்தது, அதைச் சுற்றுவது ஒன்றுதான் அந்த வண்டியில் எனக்குப் பிடித்த வேலை. அதையும் எடுத்துவிட்டு பட்டன் வைத்தார். ஏசி வந்தது. சீட்டில் சூடேற்றுகிற வசதி வந்தது. பின்னால் வருவதைக் காட்ட ஒரு கேமராவை ஒளித்து வைத்தார். தொட்டால் நிற்கிற பிரேக் வந்தது. வெளியே பார்த்தால் உருண்டை முகமும் இரண்டு முழிகளுமாக அதே பழைய டிரக்.

"இது பழசா புதுசா பெரியப்பா?"

"வெளிய தாத்தா, உள்ள பேரன்."

புது வண்டியே வாங்கிவிட்டால் இவ்வளவும் அதிலேயே இருக்குமே என்று கேட்டேன். "இருக்கும்" என்று மிக நியாயமாக ஒப்புக்கொண்டு, மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

என்னை அதிகம் குழப்பியது வேறொன்று. பெரியம்மா எந்த வண்டியிலும் முன் சீட்டில் உட்கார மாட்டாள். எங்கள் காரானாலும் பெரியப்பாவின் காரானாலும் டிரைவருக்கு நேர் பின்னால்தான் அவளுக்கு இடம். பெரியப்பா தனியாக முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், பெரியம்மா பின்னால் வாடகைக் காரில் வந்தவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். திருச்சியில் பெரிய மனிதர்கள் அப்படித்தான் போவார்கள். அதனால் பெரியம்மாவை நான் ரொம்பப் பெரிய மனுஷி என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் வேலை பார்த்தது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு டேகேரில், குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலை.

இந்த டிரக்கிலோ பின் சீட்டே கிடையாது. முன்னால் ஒரே வரிசை. மூன்று பேர் உட்காரலாம். அதற்குப் பின்னால் மூட்டை ஏற்றுகிற தொட்டி.

அம்மாதான் ஒருநாள் கேட்டாள். "அக்கா எங்க உக்காருவாங்க, மாமா?"

"முன்னாடிதான். வேற எடமே இல்லையே" என்றார் பெரியப்பா, பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வது மாதிரி. காபி கொண்டுவந்த பெரியம்மா காதிலும் அது விழுந்தது. காபியை டூல்பாக்ஸ் மேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். இரண்டு பேருக்கும் சண்டை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஆனால் சண்டை போடுகிறவர்கள் சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் அப்பளம் எடுத்து வைப்பார்களா என்பதும் தெரியவில்லை.

வண்டி முடிந்தது. ராமர் பச்சை நிறம், கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி மினுக்கியது. ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலில் வண்டிக்குப் பூஜை என்று ஏற்பாடு. பூஜைக்குச் சொல்லி வைக்க அப்பாவும் அம்மாவும் எங்கள் காரில் முன்னால் போனார்கள். என்னை டிரக்கின் நடு சீட்டில் உட்காரச் சொன்னாள் அம்மா. பெரியம்மாவுக்குத் துணையாம். பெரியவர்களுக்குச் சின்னவர்கள் துணை போவதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பெரியம்மா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வலது பக்கம் ஏறி உட்கார்ந்து (இந்த ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம்), பூஜைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டைப் போட்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

தெருவில் போகும்வரை ஒன்றுமில்லை. ஃப்ரீவேயில் ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். துணைக்கு வந்தவள் என்பதால் பெருமையாகக் கையைக் கொடுத்தேன். வலது பக்கம் ஒரு பெரிய லாரி இணையாக வந்தது. அவள் நகங்கள் என் கையில் இறங்கின. நான் என்ன தப்பு செய்தேன் என்று விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், கோபமாகவும் இல்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"இறங்கிடலாங்க" என்றாள்.

பெரியப்பா ஏன் என்று கேட்கவில்லை. சிக்னல் போட்டார், வழியில் டப்ளின் என்கிற ஊரில் ஃப்ரீவேயை விட்டு இறங்கினார், ஒரு பெரிய கடையின் பார்க்கிங் லாட்டில் ஆளில்லாத கோடியில் நிறுத்தினார்.

"என்னால இந்தப் பக்கம் உக்கார முடியாதுங்க. இந்தப் பக்கத்துலதான..." பெரியம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும். அதான் அந்தப் பக்கம் உக்காருன்றேன்" என்று சொல்லிவிட்டு, தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? நான் ஸ்டியரிங்கத் தொட்டு எத்தன வருஷம் ஆச்சு!"

"லைசென்ஸ் இருக்கில்ல?"

"அது ஐடி கார்டுக்காக வெச்சிருக்கேன்."

"ஒரே ஒரு ரவுண்ட் மா. பிடிக்கலைன்னா நான் எடுத்துக்கறேன்."

"பாப்பா இருக்கா."

"பாப்பா கீழ நிக்கட்டும்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. தேங்காயும் பூவும் எலுமிச்சம்பழமும் இருந்த பையோடு நடைபாதை ஓரம் இறக்கிவிடப்பட்டேன். பெரியம்மா சுற்றிவந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். கால் எட்டவில்லை. "பாத்தீங்களா" என்றாள், அப்பாடா என்பது மாதிரி. பெரியப்பா கதவுக்கு வெளியே நின்றபடியே குனிந்து, சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு என்று போட்டிருந்த பட்டனை அமுக்கினார். சீட் மெல்ல முனகிக்கொண்டு முன்னால் வந்தது. கொஞ்சம் உயர்ந்தது. முதுகுப் பக்கம் நிமிர்ந்தது. பெரியம்மாவின் கால் பிரேக்கில் பட்ட இடத்தில் கச்சிதமாக நின்றது.

அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். "இது யாரு வெச்சது?"

"கடைக்காரன் வெச்சுக் குடுத்திருப்பான்" என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

ஹேவர்டில் இருக்கிற கடைக்காரருக்குப் பெரியம்மாவின் உயரம் எப்படித் தெரியும் என்று வெகு நாள் யோசித்தேன்.

பெரியப்பா வலது பக்கம் போய் ஏறினார். வண்டி நகர்ந்தது. மளிகை தள்ளுகிற வண்டிகூட அதைவிட வேகமாகப் போகும். ஒரு ரவுண்ட் என்றார்கள், அது முடிந்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. என்னையும் சாமியையும் மறந்துவிட்டார்கள் என்று எனக்கு அழுகை முட்டியது. டவுசர் போட்ட தாத்தா ஒருவர் சாமான் தள்ளிக்கொண்டு வந்தவர் நின்று, கட்டை விரலைத் தூக்கி, "ப்யூட்டிஃபுல் ட்ரக், மேம்!" என்று கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்துப் பெரியம்மா படக்கென்று பிரேக்கை மிதித்து, "சாரி, சாரி" என்றாள். உள்ளே பெரியப்பா சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பெரியம்மாவும் சிரித்தாள்.

பிறகு என் அருகில் வந்து நிறுத்தி, "ஏறு" என்றாள். ஃப்ரீவே பக்கம் போகாமல் தெருத் தெருவாகவே லிவர்மோர் வரை ஓட்டினாள். வழி முழுக்க எங்கள் பின்னால் கார்கள் ஊர்வலமாக வந்தன. பெரியப்பா இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. தான் செய்த வண்டியை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டபோது மனிதர் வாயைத் திறக்காமல் வந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கோயில் வாசலில் அம்மாவைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் சொன்னேன். "பெரியம்மா வண்டியப் புடுங்கிட்டாங்க." அம்மா என்னைக் கவனிக்கவேயில்லை. டிரைவர் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டு டயரைத் தட்டிப் பார்த்தார்.

அர்ச்சகர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "புது வண்டிதானே?"

"ஆமா" என்றார் பெரியப்பா. "பழசு" என்றார் அப்பா. அர்ச்சகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தவர் போலக் குங்குமத்தைத் தாராளமாகவே வைத்தார். வண்டி யார் பேரில் என்று கேட்டபோது பெரியப்பா பெரியம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரியம்மா ஏறி, ஒரு சுற்று நகர்த்தி, நாலு பழத்தையும் நசுக்கினாள்.

புளியோதரை சாப்பிடும்போது அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் அமெரிக்கா வருவதற்கு முன்னால் ஒரு மழை நாளில் பெரியம்மாதான் கார் ஓட்டியிருக்கிறாள். ஃப்ரீவேயில் கார் வழுக்கி, பெரியப்பா உட்கார்ந்திருந்த வலது பக்கம் ஒரு லாரியில் போய் மோதியிருக்கிறது. பெரியம்மாவுக்குக் கீறல்கூட இல்லை. பெரியப்பா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். ஊரில் எல்லோரிடமும் சின்ன அடி என்று சொல்லி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து பெரியம்மா வண்டி ஓட்டவில்லை, முன் சீட்டிலும் உட்காரவில்லை.

"அப்புறம் ஏம்மா அவங்களையே மறுபடி ஓட்டச் சொல்றார்? மறுபடி இடிச்சுட்டா?"

அம்மா கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். "அத நீ பெரியப்பாகிட்டதான் கேக்கணும்" என்றாள். உடனே, "கேட்டு வைக்காத" என்றும் சொன்னாள்.

திரும்பும்போதும் எனக்கு நடு சீட்தான். இந்தத் தடவை பெரியம்மா தானாகவே ஃப்ரீவேயில் ஏறினாள். ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் ஓரமாக நிறுத்தி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்தில் பெரிய பெரிய வண்டிகள் விர்ரென்று போயின. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவளுக்கு இப்போது தைரியம் சொல்ல வேண்டியது பெரியப்பா அல்லவா? அவர் என்ன செய்தார் என்றால், சீட்டைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. ஆனால் முன்னால் போகிற காரில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம், அவர் கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது, அங்கே ஒரு பிரேக் இருப்பது மாதிரி.

"பெரியப்பா, நீங்க தூங்கல" என்றேன்.

அவர் குறட்டை விட ஆரம்பித்தார். அதுவரை அவர் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு அது சரியாக வரவும் இல்லை.

"சும்மா இரு பாப்பா" என்றாள் பெரியம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அசந்து தூங்கறார் பாரு. எழுப்பாத."

இவர் தூங்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டதிலேயே தெரிந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, உண்மையை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.