அக்காவின் கப்பல் செலவு

கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நான் சொன்ன மறுநாளே அக்கா மண்ணூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து எங்கள் திருமுல்லைவாயில் ஃபிளாட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். இருபதாயிரம் ரூபாய்.

"டிக்கெட்டு நீ எட்த்த, சரி. கப்பல்ல என் செலவு என் துட்டு. அத்த நான்தான் செலவு பண்ணுவேன்" என்றாள்.

"சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக் கவரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். என்னைப் படிக்க வைத்தது அவள் சம்பளம். அந்தச் சம்பளத்தை அவள் அனுபவித்ததே இல்லை. மாதம் பிறந்தால் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலையில் பஸ் காசுக்கு அம்மாவிடமே கையை நீட்டுவாள். அம்மா போன பிறகு அவளுடைய வரவு செலவை நான் எடுத்துக்கொண்டேன். கேட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எதையும் நானே பார்த்தால்தான் நிம்மதி. என் கணவர் இதை வேறு வார்த்தையில் சொல்வார். அந்த மனிதருக்குக் கடல் என்றாலே தலைசுற்றல். அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் புறப்படுவதாக ஏற்பாடு.

கப்பல் சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, மூன்று இரவு கடலில் இருந்துவிட்டு அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். என்னவெல்லாம் எடுத்துப்போக வேண்டும், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று நான் இணையத்தில் தேடித் தேடி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். புறப்படுவதற்கு முந்தின நாள் வந்த அக்கா அதை ஒருமுறை படித்தாள். பிறகு என் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து, நான் மூன்று நாளாக அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள்.

"இன்னாடி இது, மூட்ட கட்டிகினு கீற" என்றாள்.

அவள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கவர். புடவை, பாவாடை, ரவிக்கை, கைக்குட்டை எல்லாம் ஒரே அளவில் மடிந்து கவருக்குள் போயின. கவர்மேல் நாள் எழுதினாள். என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினாள். நான் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்து, "கூடாதுன்னு நீயே எழுதிக்கீற" என்றாள். துணிப் பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், சாயங்காலம்தான் அறைக்கு வரும் என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, இரண்டு பேருடைய பிரஷர் மாத்திரையையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எழுதியவள் நான். என் மாத்திரையைப் பெட்டியின் அடியில் வைத்தவளும் நான்தான். இத்தனையும் பார்த்த பிறகும் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறுவதற்கு முன் ஆளுக்கொரு அட்டை கொடுக்கிறார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் பர்ஸ். மூன்று வேளைச் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி. கடை, ஸ்பெஷல் காபி, போட்டோ இதற்கெல்லாம் அட்டையைத் தேய்க்க வேண்டும். தேய்த்ததெல்லாம் கடைசி நாள் என் கிரெடிட் கார்டில் வந்து விழும். கவுன்ட்டரில் இருந்த பெண், "ரெண்டு அட்டையிலயும் செலவு பண்ணலாமா மேடம், இல்ல உங்களோடதுல மட்டுமா?" என்று கேட்டாள்.

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த கப்பலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. அக்கா எங்கே போய்விட்டு வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டாள். திருப்பதி போனால் தெருவுக்கே லட்டு. பேக்கிங் பிரிவுத் தோழிகள் மட்டுமே பதினோரு பேர். கப்பல் கடை விலைக்கு ஆளுக்கொரு சாமான் வாங்கினால் இருபதாயிரம் ஒரு மணி நேரம் தாங்காது. மிச்சம் பிடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்னோடதுல மட்டும் போதும். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்றேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஏறிய பிறகு அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்த காட்னா வாங்கலாமா?" என்றாள். "இன்னா வேணுமோ எங்கிட்ட சொல்லுக்கா" என்று பேச்சை மாற்றினேன்.

இரண்டாம் நாள் மாலை எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா ஓய்வு பெற்றபோது எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். பெரிய மாடிப்படி அருகே ஒரு போட்டோக்காரர் நின்று, வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி எடுத்தார். எங்கள் இருவரையும் எடுத்தார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு அக்காவைத் தனியாக நிற்க வைத்தார். ஒரு கையைப் படிக்கட்டுக் கைப்பிடியில் வைக்கச் சொன்னார். அக்கா வைத்தாள். முகவாயை லேசாகத் தூக்கினாள். அப்படி அவள் நின்று நான் பார்த்ததே இல்லை.

"வாங்கணும்னு கட்டாயமில்லக்கா, சும்மா எடுப்பாங்க" என்றேன். என் வாய் சும்மா இராது.

மூன்றாம் நாள் மதியம் நான் அறையில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது அக்கா கட்டிலின் ஓரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாய் என்று கேட்டேன். "சும்மா, காத்து வாங்க" என்றாள். சாயங்காலம் காபிக்குக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். ஆட்டத்துக்கு, பாட்டுக்கு, எதற்கும் வரவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரு மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்தாள். இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

இறங்கும் நாள் காலையில் பில்லை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். எல்லாம் நான் தேய்த்ததுதான், என் காபியும் சேர்த்து. கவுன்ட்டரில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்து, "இன்னொரு அட்டையில நேத்து போட்டோ கவுன்ட்டர்ல ரெண்டு தடவை தேய்ச்சிருக்காங்க மேடம். அனுமதி இல்லாததால ஆகல. அதுக்கு எந்த சார்ஜும் இல்ல, கவலைப்படாதீங்க" என்றார்.

படியேறி, எடுத்த போட்டோக்களை விற்பதற்கு மாட்டியிருந்த இடத்துக்கு ஓடினேன். பலகைகள் எல்லாம் காலியாக இருந்தன. ஒரு பெண் அவற்றை மடித்துக்கொண்டிருந்தாள். விற்காத படங்களைக் கடைசி இரவே அழித்துவிடுவார்களாம். என்ன விலையானாலும் தருகிறேன் என்றேன். "இல்லவே இல்ல மேடம்" என்றாள். அந்த இடத்தில் நின்று நான் அழுதேன். அவள் பாவம், எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

அக்கா இறங்குகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி தேச்சுச்சு" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "பின்னாடி ஆளுங்க நின்னுகினு கீறாங்க. உங்க கூட வந்தவங்கள இட்டுகினு வாங்கன்னு சொல்லிச்சு. போட்டோவ அங்கியே வெச்சிட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வாங்கியிருப்பேனேக்கா."

"உங்கிட்ட கேக்குறதுக்கா துட்டு குட்த்தேன்?"

என் போனில் எடுத்த படங்கள் இருக்கின்றன, அதிலிருந்து பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். "அது உன் போன்ல கீது" என்றாள்.

கடற்கரை ஸ்டேஷனில் ஆவடி வண்டி ஏறினோம். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். பட்டரவாக்கத்தில் அவள் இறங்கினாள். பெட்டியைப் பிடிக்க நான் எழுந்தபோது "நானே எட்த்துக்கறேன்" என்று சொல்லி அவளே தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபதாயிரத்தையும் எடுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். பணத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர் லாரி இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்று பேசினாள். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஆபீசில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். பாத்து சொல்லு."

"எங்க கீறக்கா?"

"பேங்க்ல. என் கணக்குல உன் போன் நம்பர குட்த்து வெச்சிக்கீற இல்ல, அத்த எட்த்துட்டு என் நம்பர போடறேன்."

பென்ஷனும் பி.எஃப். பணமும் அந்தக் கணக்கில்தான் விழுகின்றன. தொடங்கியபோது அவளிடம் போன் இல்லை என்று என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவள் போன் வாங்கி ஆறு வருடமாகியும் மாற்றவில்லை. அவள் நூறு ரூபாய் எடுத்தாலும் எனக்குச் செய்தி வரும். உடனே கூப்பிட்டு எதற்கு என்று கேட்பேன்.

"சொல்லியிருந்தா லீவு போட்டு நானே வந்து மாத்தியிருப்பேனேக்கா" என்றேன்.

"அதனாலதான் சொல்லல. நம்பர சொல்லு, நேரமாவுது."

ஆறு இலக்கம். திரையில் இருந்தது. ஏமாற்றுக்காரர்கள் நடமாடுகிற காலம், யோசித்துச் செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள், எதிரில் இருப்பவருக்கு.

"ஆய்ட்சாம். வெச்சிடு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கணக்கிலிருந்து எனக்கு எந்தச் செய்தியும் வருவதில்லை. எவ்வளவு எடுக்கிறாள், எதற்குச் செலவழிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.