பன்னிரண்டு முதல் நான்கு வரை

ஆகஸ்ட் 4, திங்கள் – விண்ணப்பம் அனுப்பியது. கட்டணம் இல்லை.
ஆகஸ்ட் 19, செவ்வாய் – பெயர் அட்டை, 200. ரூ. 480.
ஆகஸ்ட் 23, சனி – தட்டைச் செருப்பு. ரூ. 650.
ஆகஸ்ட் 26, செவ்வாய் – வண்ண அச்சு, பத்துப் பக்கத் தொகுப்பு, எட்டுப் பிரதி. ரூ. 960.
ஆகஸ்ட் 30, சனி – ஒத்திகைப் பயணம், போக வர. ரூ. 164.
செப்டம்பர் 4, வியாழன் – இலவச அனுமதி ரத்தானால் கட்ட வேண்டியது. ரூ. 7,080.

ஆறு வரிகளும் 2025ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஆறும் ரூக்ஷாருடையவை. முதல் ஐந்தும் அவளாக விரும்பிச் செய்தவை. ஆறாவது, யாரும் தள்ளாமல் அவளே போய் விழுந்த குழி.

ரூக்ஷார் 1988இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவள். கணவர் கலீமுக்கு மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. அவளுக்கு வீட்டிலேயே வேலை. பட்டுப் புடவையின் முந்தானை ஓரத்தில் தொங்கும் இழைகளைப் பிரித்து, முறுக்கி, குஞ்சம் கட்டித் தருவாள். 2018 ஜூன் மாதம் திருப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா புடவையைக் கொடுத்துவிட்டு, “எப்போ கிடைக்கும்?” என்று கேட்டார். “நாலு மணிக்கு.” “கோயிலும் நாலு மணிக்குத்தான் திறக்குமாம். அதுவரைக்கும் நாங்க எங்க போறது?” என்றார் அவர். ரூக்ஷார் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். எந்த உணவகத்தில் மேல்மாடியில் இடம் காலியாக இருக்கும், எங்கே சுத்தமான கழிப்பறை, திருப்புட்குழிக் குளக்கரையில் எந்தப் பக்கம் நிழல், தாமல் ஏரி வரை போய்த் திரும்ப எத்தனை நிமிடம். அந்த அம்மா தாளைப் படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்பினார். ஒரு மாதத்தில் முன்பின் தெரியாத பதினேழு பேர் கேட்டார்கள். பதினேழு தரம் எழுதுவதற்குப் பதில் ஒரு தரம் எழுதிவிடலாம் என்று வலைப்பூ தொடங்கினாள். பெயர், ‘நடை சாத்திய பிறகு’.

கோயில்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள். கோயில் மூடியிருக்கும் நேரத்தைப் பற்றி எழுத அவள் ஒருத்திதான். ஏழு ஆண்டுகளில் 214 பதிவுகள். மாதம் சுமார் 11,000 பேர் படித்தார்கள். வலைப்பூவின் அடியில் அவளுடைய வாட்ஸ்அப் எண் இருந்தது. பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில் கேள்விகள் வந்து விழும். நாளொன்றுக்குச் சராசரி பத்தொன்பது. அந்த நான்கு மணி நேரம் அவள் குஞ்சத்தைத் தொடமாட்டாள், கல்யாணத்துக்குப் போகமாட்டாள். சொந்தத் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்றும் கைப்பேசியும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

சென்னை நந்தம்பாக்கத்தில் செப்டம்பர் 19, 20 தேதிகளில் பயணத் தொழில் கண்காட்சி. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. விடுதிக்காரர்களும் சுற்றுலா நிறுவனங்களும் தங்களுக்குள் வியாபாரம் பேசிக்கொள்ளும் இடம். அந்த ஆண்டு முப்பது வலைப்பூ எழுத்தாளர்களுக்கும் இலவச அனுமதி உண்டு என்று அறிவித்தார்கள். ரூக்ஷாருக்கு அங்கே ஒரே ஒரு நிறுவனம்தான் குறி. கோவையிலிருந்து பெண்களுக்கு மட்டும் பேருந்துச் சுற்றுலா நடத்தும் நிறுவனம் அது. காஞ்சிபுரத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து, ஒரு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்களை ஓர் இரவு தங்க வைக்க வேண்டும். அதற்கான திட்டத்தைத் தானே போட்டுத் தர வேண்டும், அதைத் தன் தொழிலாக ஆக்கிக்கொள்ள வேண்டும். இதுதான் அவள் கணக்கு. அங்கே பயணத்திட்டம் பார்க்கும் அதிகாரியின் பெயர் மேரி என்பது வரை தெரிந்து வைத்திருந்தாள்.

ஆயத்தங்கள் ஒழுங்காகவே நடந்தன. பெயர் அட்டை அச்சடிக்கும் வேணுகோபால், “கோபுரம் போடாம காஞ்சிபுரம் கார்டா?” என்று அடம் பிடித்தார். “கோபுரம் எல்லார் கார்டுலயும் இருக்குதுண்ணா. என் கார்டுல போன் நம்பர் பெருசா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். பத்துப் பக்கத் தொகுப்பில் தான் யார், யார் படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் என்ன என்பதை எழுதினாள். நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று படித்ததால் தட்டைச் செருப்பு வாங்கி, அதைப் பழக்க ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தாள். ஆகஸ்ட் 30 அன்று ஒத்திகைக்காகப் போனாள். காலை 5.55க்குப் பேருந்து ஏறி, போரூரில் மாறி, வளாகத்தின் வாசலில் நின்றபோது மணி 8.22.

பேச வேண்டிய இரண்டு நிமிடப் பேச்சை அம்சவேணியிடம் ஒப்பித்துக் காட்டினாள். அம்சவேணி பக்கத்துத் தெரு; வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. கோயிலுக்குள்ளே இருக்கிற விவரங்களை ரூக்ஷாருக்குப் பார்த்து வந்து சொல்வது அவள்தான்.

“இன்னாடி ரூக்கு, ரேஷன் கடையில கார்டு நம்பர் சொல்ற மாதிரி சொல்லிக்கினு இருக்க?”

“மொத ரெண்டு நிமிசம்தாங்க்கா காது குடுத்துக் கேப்பாங்க.”

“ரெண்டு நிமிசத்துல மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னாங்களா? அந்த திருப்பூர் அம்மா கதைய மட்டும் சொல்லு. மீதிய அவங்களே கேப்பாங்க.”

சொன்னபடியே மாற்றிக்கொண்டாள்.

செப்டம்பர் 4 மாலை 6.40க்குக் கண்காட்சி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. ரூக்ஷார் சந்திக்கக் கேட்டிருந்த பதினொரு நிறுவனங்களில் இரண்டு மட்டுமே நேரம் ஒதுக்கியிருந்தன. இலவச அனுமதிக்குக் குறைந்தது ஐந்து சந்திப்புகள் வேண்டும். 9ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஐந்து சேராவிட்டால் அனுமதி ரத்தாகும். வர விரும்பினால் ரூ. 7,080 கட்ட வேண்டும். கோவை நிறுவனத்துக்கு நேராக, ‘பொருந்தவில்லை’ என்று இருந்தது.

கலீம் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “அவங்களுக்கு நம்ம ஊரே வோணாம் போல. உட்டுத் தள்ளு.”

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழாயிரம் ரூபாய் கட்டிப் போக அவளே சம்மதிக்க மாட்டாள். அவரைக் கேட்கவே வேண்டாம். அன்று இரவு சாப்பிட்டதும் படுத்துவிட்டாள்.

மறுநாள் மிலாது நபி, கண்காட்சி அலுவலகத்துக்கு விடுமுறை. பாயசம் கொடுக்கப் போன இடத்தில் கைப்பேசியை அம்சவேணியிடம் நீட்டினாள். கடிதத்தோடு வந்த நேர அட்டவணையை அம்சவேணி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். காலையில் நாலு கட்டம், மாலையில் ஐந்து கட்டம். நடுவில் முழுக்கக் கறுப்பு.

“இது இன்னாடி, நடுவுல தறியில பாவு நூல் அறுந்த மாதிரி இருக்குது?”

ரூக்ஷார் வாங்கிப் பார்த்தாள். கறுப்பு, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்தது. இரண்டு நாளும் அப்படியே. படிவத்தில் ‘சந்திக்க வசதிப்படாத நேரம்’ என்று ஒரு கேள்வி இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. யோசிக்காமல் குறித்திருந்தாள். ஏழு வருடமாக அந்த நேரத்தை எவருக்கும் கொடுக்காத கை, சென்னைக்கும் கொடுக்கவில்லை.

“அய்யோ அல்லா! அங்க யாரு நடை சாத்தப் போறாங்க?” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அம்சவேணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “சென்னைக்காரங்கள நாலு மணிக்கு மேல வந்து கும்புடச் சொல்லியிருக்க!”

சனிக்கிழமை, 6ஆம் தேதி, காலை 10.10க்கு அலுவலகத்துக்குப் பேசினாள். எடுத்தவர் சத்யராஜ் என்ற இளைஞர்.

“நீங்கதான் மேடம் அன்அவெய்லபிள்னு போட்டிருக்கீங்க.”

“நான்தாம்பா போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். மாத்திக் குடுங்க.”

“முப்பத்தொண்ணாம் தேதியோட சிஸ்டம் லாக் ஆயிடுச்சு மேடம். முதல் நாள் காலையில தொடக்க விழா, ரெண்டாம் நாள் சாயங்காலம் எல்லாரும் பேக் பண்ணிடுவாங்க. மெயின் மீட்டிங் எல்லாமே பன்னெண்டுல இருந்து நாலுதான். லஞ்சுக்கு ஒரு மணி நேரம் பிளாக் பண்றவங்க உண்டு. நாலு மணி நேரம் பிளாக் பண்ணது நீங்க மட்டும்தான். அப்படி என்ன மேடம் சாப்பிடுவீங்க?”

“சாப்பிட எங்கப்பா நேரம்? எங்க ஊர்ல அப்பதான் எனக்கு வேலையே.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். இருக்கிற விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம். உறுதியான இரண்டு சந்திப்பும் போய்விடும். வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். முப்பது இடமும் நிரம்பிவிட்டால் கிடைக்காது. கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், 16ஆம் தேதிக்குள் கடிதம் வரும்.

ரூக்ஷார் தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். நேரம் ஒதுக்காத ஒன்பது நிறுவனங்களில் ஆறுக்கு நண்பகலில் மட்டுமே நேரம். அவற்றில் ஒன்று கோவை. மீதி மூன்றும் சரி என்று சொன்னால் ஐந்து சேரும், அனுமதி தப்பும், ஆனால் மேரியைப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் விட்டால் மேரிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வாசலுக்கே போக முடியாமலும் ஆகலாம்.

அன்றைய பகல் கேள்விகள் இருபத்திரண்டுக்கும் பதில் அனுப்பி முடித்துவிட்டு, மாலை 4.05க்கு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். 4.40க்குப் புதியதை அனுப்பினாள். ‘மறுபடி விண்ணப்பிக்கக் காரணம்’ என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள்:

“எங்கள் ஊர்க் கோயில்கள் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை மூடியிருக்கும். வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஏழு வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் உங்கள் படிவத்திலும் அந்த நேரத்தை அடைத்துவிட்டேன். 19, 20 இரண்டு நாளும் வேறொருவர் பதில் சொல்வார். நான் முழு நேரமும் வருவேன்.”

எழுதிய பிறகுதான் அந்த வேறொருவரைத் தேடினாள். தேட அதிக தூரம் போகவில்லை.

“நானா?” என்றார் கலீம். “மிக்ஸி ஓடலன்னா பதில் சொல்லுவேன்.”

“இதுவும் அதேதாங்க. ஓடாம நிக்கறாங்க, ஓட வெக்கணும்.”

8ஆம் தேதி கலீமின் கடையிலேயே பயிற்சி தொடங்கியது. முதல் கேள்வி: மூன்று பேர், ஒரு கைக்குழந்தை, கோயில் வாசலில் நிற்கிறோம், மழை தூறுகிறது. கலீம் ஒற்றை விரலால் தட்டி, ‘4 மணிக்குத் திறப்பார்கள்’ என்று அனுப்பினார்.

“அத்தத்தான் கதவுலயே எழுதிப் போட்டிருக்குதே! அதுக்கு நீங்க எதுக்கு?”

“அரே, கேட்டதுக்குத்தான சொன்னேன்?”

“கைக்குழந்தைன்னு சொன்னாங்க இல்ல? பால் குடுக்க மறைவா ஒரு எடம், வெந்நீர், கழிப்பறை. மூணும் கேக்கறாங்க.”

“அது எங்க எழுதியிருக்குது?”

“எழுத மாட்டாங்க. நீங்கதான் புரிஞ்சிக்கணும்.”

அவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடையை அடைத்துவிட்டுக் குடையோடு போய், அந்த மூன்று பேரையும் தன் கடைக்கு எதிர் உணவகத்தின் மேல்மாடிக்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வந்தார். “அப்படி எல்லார்க்கும் போவ முடியாதுங்க” என்றாள் ரூக்ஷார், கொஞ்சம் தணிந்த குரலில். அடிக்கடி வரும் நாற்பத்தொரு கேள்விகளுக்குப் பதிலை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். நாலாம் நாள் அவர் நோட்டைப் பார்க்காமலே பதில் அனுப்பினார்.

இன்னும் ஓர் ஓட்டை இருந்தது. 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை. “ஜும்மா தொழுகைக்குப் போனைத் தூக்கிக்கினு போவ முடியாது” என்றார் கலீம். 12.45 முதல் 2.15 வரை அம்சவேணி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதற்கும் ஒத்திகை. அம்சவேணிக்குத் தட்டச்சு வராது, குரலிலேயே அனுப்பினாள். “இந்தாம்மா, வெயில்ல நின்னுக்கினு இன்னா கேள்வி? மொதல்ல போயி சாப்புடுங்க. எதிர்லயே ஓட்டல் இருக்குது. சாப்ட்டுட்டு கேளுங்க, சொல்றேன்.” பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சாப்பிட்டு முடித்து நன்றி சொல்லி இலையைப் படம் பிடித்து அனுப்பியது.

இதற்கிடையே 9ஆம் தேதி மாலை ஐந்து மணி கடந்து போனது. பழைய விண்ணப்பம் இருந்திருந்தால் அன்று ஒரு முடிவு தெரிந்திருக்கும் என்று ரூக்ஷார் நினைத்தாள். 13ஆம் தேதியும் கடந்தது. 15ஆம் தேதி சத்யராஜுக்குப் பேசினாள். இருபத்தெட்டு இடம் நிரம்பிவிட்டது, பட்டியல் மேலிடத்தில் இருக்கிறது என்றார். தொகுப்புகள் எட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியில் கிடந்தன. கடிதம் வராவிட்டால் அதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது, 20ஆம் தேதி வாடிக்கையாளர்கள் வாங்கிக்கொள்ள வேண்டிய ஐந்து புடவைகளுக்கும் குஞ்சம் கட்டி முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்து, அன்றே முதல் புடவையைப் பிரித்தாள்.

மூன்றாவது புடவை கையில் இருந்தபோது கடிதம் வந்தது. அனுமதி எண் 30. உறுதியான சந்திப்புகள் ஆறு. முதல் சந்திப்பு வெள்ளிக்கிழமை பகல் 12.20, கோவை நிறுவனம். அதன் கீழே மேரி தன் பங்குக்கு மூன்று வரி சேர்த்திருந்தார்: “உங்கள் விண்ணப்பத்தில் எழுதியிருந்த காரணத்தைப் படித்தேன். காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் பெண்களை ஒரு மணிக்கே கிளப்பிவிடுவதற்குக் காரணமும் அந்த நான்கு மணி நேரம்தான். இருபது நிமிடம் போதாது, நாற்பதாக வைத்திருக்கிறேன்.”

ரூக்ஷார் இரண்டு முறை படித்துவிட்டு, கலீமிடம் கொடுத்தாள். அவர் மேலே இருந்த தேதியை முதலில் படித்தார்: 2025 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை. சத்யராஜ் சொன்ன கெடுவின் கடைசி நாள்.