தோணி கிடந்த துறை

படம் எடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் பிரதேச சபை என்னென்ன சலுகை தரும் என்ற தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள் நான். வாவிக்கரையில் படப்பிடிப்புக்குக் கட்டணம் இல்லை. சபையின் விடுதியில் தங்கலாம். தண்ணீர் பவுசர் வண்டி, துப்புரவுத் தொழிலாளர், முதல் நாள் மதியச் சாப்பாடு எல்லாம் சபையின் பொறுப்பு. நாலு குழு வந்து போனால் ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்று சபைத் தவிசாளர் சொன்னார். நானும் நம்பினேன். அந்த எண்ணத்தில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை.

முதலில் வந்தவர் தொலைக்காட்சி நாடகம் எடுக்கும் ஓர் இயக்குநர். கரை நெடுக நடந்து, கைபேசியில் படம் பிடித்து, கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துறையைக் காட்டி, இந்த இடம்தான் வேண்டும் என்றார். கரையொதுங்கிக் காய்ந்த ஆற்றுவாழை, கிழிந்த வலை, பிளாஸ்டிக் போத்தல்கள், நடுவில் அத்தானின் பழைய தோணி. இதில் என்ன அழகைக் கண்டார் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கேட்கவுமில்லை. வந்த விருந்தாளியை ஏன், எதற்கு என்று குடைகிற பழக்கம் நமக்கு ஏது?

அத்தான் என் அக்காவின் புருஷன். மீன்பிடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோணிக்குள்ளேயே சாய்ந்துவிட்டார். வேறு தோணிகளில் கூடப் போனவர்கள் அதை அவர் உடலோடு கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதன் பிறகு அக்கா அந்தத் தோணியை விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு சிரட்டையோடு போய், உள்ளே தேங்கிய தண்ணீரை இறைத்து ஊற்றுவாள். ஓடாத தோணிக்குத் தண்ணீர் இறைக்கிறாள் என்று ஊர் சிரித்தது. கவிழ்த்துப் போட்டால் தண்ணீர் நிற்காதே என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"அவர் சாஞ்ச இடம் புள்ள. அதக் கவிட்டு வெக்க மனம் கேக்கல்ல" என்றாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்து அக்கா செங்கலடிக்குப் போனாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் திரும்புவாள். போகும்போது வாசல் படலையடியில் நின்று சிரட்டையை என் கையில் தந்தாள்.

"மழை பெஞ்சா மட்டும் பாத்துக்கொள்ளு."

"ஓம் அக்கா, நான் பாக்கிறன்."

படக்குழு வரும் நாள் உறுதியானது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீடோ செத்த வீடோ, ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் வேலை கூட்டிப் பெருக்குவதுதான். "துறையெல்லாம் குப்பையாக் கிடக்கு. ஆக்கள் வரக்குள்ள மானம் போயிரும்" என்றார் தவிசாளர். வேலைக் கட்டளையை நான்தான் எழுதினேன். துறையில் கிடக்கும் கழிவுகள் அனைத்தையும் அகற்றவும். தோணி தவிர என்று இரண்டு சொல் சேர்த்திருக்கலாம். என் கண்ணுக்கு அது கழிவு இல்லை, அதனால் எழுதத் தோன்றவில்லை. வேலைக்கு வந்தவர்களோ வேறு ஊர்க்காரர்கள்.

குழு வந்த அன்று காலையில்தான் துறையைத் துப்புரவாக்கினார்கள். கரையிலேயே பெரிய கிடாரம் வைத்துச் சமைத்தார்கள். நான் விடியற்காலையிலிருந்தே மாலை, கதிரை என்று சபை மண்டபத்தில் ஓடித் திரிந்தேன். மதியம் மண்டபத்துக்கு வந்த சோற்றையும் இறால் கறியையும் பரிமாறி, நானும் ருசித்துச் சாப்பிட்டேன். பிறகு எல்லோருமாகத் துறைக்குப் போனோம். துடைத்து வைத்த மாதிரி இருந்தது கரை. இயக்குநர் கரை நெடுகத் தேடினார்.

"அந்தத் தோணி எங்கே? நான் இந்த இடத்தைக் கேட்டதே அதுக்காகத்தானே."

தொழிலாளி ஒருவர் மலர்ந்த முகத்தோடு முன்னால் வந்தார். "அது உக்கினதுதானே சேர். நல்லாக் காஞ்ச பலகை. கொத்திக் கிடாரத்துக்கு விறகா வெச்சிட்டம்."

அந்தத் தீயில் வெந்த சோறு என் வயிற்றுக்குள்தான் இருந்தது.

வேறொரு தோணி தேடிக் குழு கதிரவெளிப் பக்கம் போய்விட்டது. எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்த சபை, அந்த மனிதர் தேடி வந்த ஒன்றை மட்டும் எரித்துவிட்டது. தவிசாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் பின்னேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். குழந்தையைப் பற்றிச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ராத்திரி மழையெல்லோ? தண்ணி இறைச்சியா?"

"ஓம் அக்கா, இறைச்சிட்டன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் அழ வைக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவள் கேட்டாள். ஒவ்வொரு பின்னேரமும் நான் வாயாலேயே இறைத்தேன். மழை இல்லாத நாளில்கூடக் கேட்டாள், அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

முப்பத்தொன்று முடிந்து அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். துறைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நேரே என் வீட்டுக்கு வந்து, சிரட்டையைத் தா என்று கையை நீட்டினாள். எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, தோணி..."

"தெரியும். சபையால பேஸ்புக்கில படம் போட்டிருந்தாங்க. மருமகன் அண்டைக்கே காட்டினவர். கரை நல்ல துப்புரவாக் கிடந்திச்சு."

"அப்ப ஏன் அக்கா ஒவ்வொரு நாளும் என்னட்டக் கேட்டீங்க?"

அக்கா சிரட்டையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்து தூசி படிந்திருந்தது.

"இண்டைக்காவது நீ சொல்லுவாய் எண்டுதான் புள்ள."