ஹெலன் கொடுத்த டிரைசூட் அளவு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஹெலன். வயது நாற்பத்தேழு. ஷூவில் ஒரு சுருக்கம் அவள் கண்ணில் பட்டால் போதும், அது தையல் மேசைக்கே திரும்பிப் போகும். ஞாயிறு என்றால் சர்ச், பிரியாணி, தூக்கம் என்று இருந்த மனுஷி, மகள் பெனிட்டா நார்வேக்குக் கடல் படிப்பு படிக்கப் போனதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். மகள் கடலடியில் நீந்தும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பாண்டிச்சேரிக்குப் போய்த் தானும் ஸ்கூபா கற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

ஜூனில் பத்து நாள் மகளிடம் போகிறாள். இரண்டு வருஷமாகப் போனில் மட்டுமே பார்த்த பிள்ளையோடு ஒரு தடவையாவது கடலுக்குள் இறங்க வேண்டும். ஆனால் அது ஐஸ் தண்ணீர்க் கடல். உடம்பில் சொட்டு ஈரம் படாத டிரைசூட் இல்லாமல் முடியாது. அளவு அனுப்பினால் அங்கே ஒரு கடைக்காரர் தைத்து வைப்பார். அளவு பிசகினால் கரையில் உட்கார்ந்து மகளை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

துணி தேர்வு செய்வது ஹெலனுக்குத் தண்ணி பட்ட பாடு. மகள் கூரியரில் அனுப்பிய இரண்டு சாம்பிள் துணித் துண்டுகளையும் விரலில் தேய்த்தாள், தையலை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். கனத்த ரப்பரைத் தள்ளிவிட்டு, மெல்லிய மூன்றடுக்குத் துணியைப் பொறுக்கினாள்.

அளவெடுத்தது கட்டிங் செக்‌ஷன் முனவ்வர் பேகம், இருபது வருஷத் தோழி. டேப்பை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் அளவிலும் அரை இஞ்ச் குறைத்தே எழுதினாள்.

"இன்னாத்துக்கு கம்மி பண்றே?" என்றாள் ஹெலன்.

"தோல் மாதிரி போகப்போக இளகிடும்ல? லூசா வுட்டா மடிப்பு வுழும். அப்புறம் நீயே ரிஜெக்ட் பண்ணுவே!"

நியாயம்தான் என்று ஹெலனும் தலையாட்டினாள். அளவு அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெனிட்டா போன் செய்தாள்.

"இன்னாம்மா அளவு இது? குளிருக்கு உள்ளாற மெத்தை மாதிரி ஒரு டிரெஸ் போடணும். சூட்டு துணி இளகவே இளகாது. மடிப்பு இருந்தாதான் கை கால அசைக்க முடியும். உங்க ஊரு டைம் மூணு மணிக்குள்ள புது அளவு வரலன்னா, நீ ஊருக்குத் திரும்பிப் போனப்புறம்தான் சூட்டு ரெடியாவுமாம்!"

அந்த மெத்தை டிரெஸ்ஸுக்குப் பதிலாகக் கம்பளி உடுப்பைப் போட்டு அளவெடுத்துவிடலாம் என்றாள் ஹெலன். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. முனவ்வர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி, ஊட்டி டூரில் வாங்கிய ஸ்வெட்டர்களையும் கம்பளிச் சால்வையையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அத்தனையையும் மாட்டிக்கொண்டு, சாம்பிள் ரூம் நடுவில் ஹெலன் குந்தினாள், எழுந்தாள், கையைத் தூக்கினாள். பெண்கள் மொத்தப் பேரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"ஹெலனக்கா, கடல்ல நனையாத சூட்டுக்கு இங்கியே தொப்பலா நனைஞ்சிட்டியே!" என்றாள் ஒருத்தி.

முனவ்வர் சிரித்த சிரிப்பில் டேப் இரண்டு தடவை கைநழுவியது. "ஜாஸ்தியே எழுதுங்கடி!" என்று கத்தினாள். இரண்டே முக்காலுக்கு அளவு போய்ச் சேர்ந்தது.

ஜூனில், நார்வே கடையில், சூட் கச்சிதமாக இருந்தது. தலைக்கு உறையும் எடுத்தாயிற்று. கைக்கு மட்டும் ஹெலன் பிடிவாதம் பிடித்தாள். தண்ணீர் உள்ளே வரும் சாதா உறை வேண்டாம், மணிக்கட்டில் வளையம் வைத்துப் பூட்டுகிறதுதான் வேண்டும். கையை வைத்துப் பிழைப்பவளாயிற்றே!

மறுநாள் காலை அம்மாவும் மகளும் இறங்கினார்கள். கீழே காடு மாதிரி கடற்பாசி, நடுவே ஆரஞ்சு நிற நட்சத்திர மீன்கள். ஹெலனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இருபது நிமிஷத்தில், குளிர்கிறது, மேலே போகலாம் என்று சைகை காட்டியது மகள்தான்.

கரையேறி உறைகளைக் கழற்றினார்கள். ஹெலனின் கை வெதுவெதுவென்று இருந்தது. பெனிட்டா போட்டிருந்தது மலிவான சாதா உறை. விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. ஹெலன் அவற்றைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"சூடாயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றாள் பெனிட்டா. "ஆனா கைய எடுத்துடாதம்மா."