உப்புக் காற்றில் நான்கு தகடுகள்: தலைமன்னார் போய்வந்த கதை

எட்டு மாதங்களுக்கு முன் தலைமன்னாரில் விட்டுவந்த நான்கு உலோகத் தகடுகளை எடுத்துவரத்தான் போன மாசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து கிளம்பினேன். பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல் படிக்கிறேன், இறுதியாண்டு. கடற்காற்றை எந்த உலோகம் எவ்வளவு தாங்கும் என்பது என் ஆய்வு. (பொருளியல் இல்லை. "வங்கியிலயோ வேலை?" என்று கேட்காத உறவினர் இல்லை.)

காலை ஆறு மணி பஸ். சங்குப்பிட்டிப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், எந்த ஜன்னலும் நல்ல ஜன்னல்தான். வெள்ளாங்குளம் தாண்டி ஒன்பதரைக்கு மன்னார். அங்கே பஸ் மாறினால் தலைமன்னாருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்.

தகடுகளைக் கட்டியிருந்தது சவிரி அண்ணையின் வீட்டு வளவில். அவர் மீன்பிடிகாரர். மனைவி றீற்றா அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்கோ தங்கச்சி. ஒருத்தரும் தொடேல்லை, காகம்தான் குந்தினது."

இரும்புத் தகடு பட்டை பட்டையாக உரிந்திருந்தது. துத்தநாகம் பூசியதில் வெள்ளைப் பொடி. அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு. நான்காவதைத் துணியால் துடைத்தேன், பளிச்சென்று மினுங்கியது.

கதிரையில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சவிரி அண்ணை நிமிர்ந்தார். போன வருடம் மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். கால் சரி, தொழிலுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியும் கடலில் கால் நனைக்கவில்லை. காரணமும் சொல்வதில்லையாம்.

"அந்த மினுங்கிறது என்ன தங்கச்சி?"

"டைட்டேனியம் அண்ணை."

வலையைக் கீழே வைத்தார். "என்ர துடைக்குள்ள வச்ச கம்பியும் அதுதான் எண்டு டொக்டர் சொன்னவர். இஞ்ச நங்கூரமே உளுத்துப்போகுது. உள்ளுக்க அது துருப்பிடிச்சு ஒடிஞ்சால், நடுக்கடலில நான் என்ன செய்யிறது?"

"இதையோ இவ்வளவு நாளும் மனசுக்க வச்சிருந்தனீங்கள்?" என்றார் றீற்றா அக்கா.

தவறாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். "காலைப் பற்றி டொக்டரைத்தான் கேக்கவேணும் அண்ணை. உலோகத்தைப் பற்றி நான் சொல்லலாம். எங்கட இரத்தமும் உப்புத்தான். அதைத் தாங்கிற உலோகத்தைத் தேடுறதுக்கே எங்கட படிப்பில ஒரு பிரிவு இருக்கு. இது துருப்பிடிக்காது."

அவர் இரும்பையும் டைட்டேனியத்தையும் பெருவிரலால் மாறி மாறித் தடவிக்கொண்டே இருந்தார்.

சாப்பிடும்போது, படித்து முடித்தால் என்ன வேலை என்று றீற்றா அக்கா கேட்டார். டயர், சீமெந்து, பெயின்ற் தொழிற்சாலைகள், கப்பல் திருத்துமிடங்கள் என்று சொன்னேன். எனக்கும் ஒரு டயர்த் தொழிற்சாலையில் இடம் தயார். ஆனால் திரும்பும் பஸ்ஸில், உடலுக்குள் வைக்கும் உலோகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தேன். மனம் லேசாக இருந்தது.

போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் அவசியம், இறங்குதுறைப் பக்கம் நிழல் குறைவு. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம், கணிதம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தத் துறையையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து றீற்றா அக்கா எனக்குப் போன் எடுத்தார். டொக்டரிடம் மறுபடி காட்டி, எல்லாம் கேட்டு வந்தார்களாம்.

"விடியவே இவர் தம்பியாக்களோட வள்ளத்தில கடலுக்குப் போயிட்டார். இப்ப பயம் எனக்குத்தான்," என்று சிரித்தார்.