ஃபில்டரில் இறங்கிய டீ

மயிலாப்பூரில் அப்பா வீட்டு பால்கனியில் இருக்கும் செம்பருத்திச் செடி இந்த முறை பதினோரு நாள் காப்பி குடித்தது. சாதாரணக் காப்பி இல்லை. அன்றன்று வறுத்து அரைத்த பொடி, முதல் டிகாக்‌ஷன், அப்போதுதான் பொங்கி இறக்கிய பால். ஊற்றியவள் நான்தான். ஜெர்மனியிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்திருக்கும் ஐம்பது வயதுப் பெண், காலை ஆறு மணிக்கு டபராவும் கையுமாக பால்கனியில் நின்று, அப்பா வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பூந்தொட்டியில் காப்பியைச் சாய்க்கிறாள். எதிர் வீட்டு மாமி மட்டும் அதைப் பார்த்திருந்தால் மாட வீதி நான்கிலும் செய்தி போயிருக்கும். வெளிநாட்டில் பிழைப்பவர்கள் எல்லாரும் துணிச்சல்காரர்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

காப்பியை நான் விட்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஸ்டுட்கார்ட் நகரத்தில் வேலை பார்த்த காலத்தில், அலுவலகத்து மெஷினில் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சமயம், மீட்டிங்கில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் பாதியில் விழித்துக்கொண்டு, ஊரில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஃபோனைப் பார்ப்பேன். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்தார். ஒரு நாள் முழுக்க உடம்பில் ஒரு சின்ன மெஷினை மாட்டிக்கொண்டு திரிந்தேன். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, காப்பி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினேன். ஒரு வாரம் மண்டையைப் பிளக்கும் தலைவலி. பிறகு ஒரு காலையில் கண் விழித்தபோது ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. படபடப்புத்தான் குறைந்திருந்தது. கணவரிடம்கூட உடனே சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம். டீயிலும் அதே கஃபீன் சரக்குதான் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். என் உடம்பு டீயோடு சண்டை போடவில்லை, எனக்கு அது போதும்.

ஆனால் ஸ்டுட்கார்ட்டில் டீ கேட்பது அவ்வளவு சுலபமில்லை. அங்கே டீ என்பது காய்ச்சல்காரர்கள் போர்வைக்குள் உட்கார்ந்து குடிக்கிற சமாசாரம். சோம்பு டீ, சாமந்தி டீ என்று மருந்துக் கடையிலேயே விற்பார்கள். முதல் நாள் நான் டீ கேட்டதும் பக்கத்து மேஜைக்காரி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, “பிஸ்ட் டூ கிராங்க்?” என்றாள், உனக்கு உடம்பு சரியில்லையா என்று. இல்லை என்றேன். நம்பாமல் ஒரு டப்பா டிஷ்யூ பேப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த வருடமே வேலை மாற்றலாகி, வடமேற்கு மூலையில், ஹாலந்து எல்லையை ஒட்டிய ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து என்ற பகுதிக்குக் குடிபோனோம். என் அதிர்ஷ்டம், ஜெர்மனியிலேயே டீக்காகப் பிறந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். பக்கத்து வீட்டு ஃபிராவ் யான்சன் என்ற கிழவியம்மாள் வரவேற்பாக என்னை டீக்குக் கூப்பிட்டார். பூப்போட்ட குட்டிக் கோப்பையில் ஒரு கல் கற்கண்டைப் போட்டு, அதன் மேல் கொதிக்கும் டீயை ஊற்றினார். கற்கண்டு சடசடவென்று விரிசல் விட்டது. ஓரமாக ஒரு சொட்டு பாலேடு. கலக்கக் கூடாதாம். பிறகு எதற்கு ஸ்பூன் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். கோப்பை காலியானதும் ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். பெரியவர்கள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வளர்ந்தவள் நான். நான்காவது கோப்பைக்குப் பிறகு தலையை ஆட்டிப் பார்த்தேன். நம் தலையாட்டல் அவருக்கு என்னவாகப் புரிந்ததோ, ஐந்தாவதும் வந்தது. ஏழாவதில் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், ஸ்பூனை எடுத்து என் கோப்பைக்குள் அவரே போட்டார். போதும் என்று சொல்ல அதுதான் வழியாம். ஸ்பூன் வெளியே இருக்கும் வரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் மரியாதை. அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்த ஸ்பூன்தான். வாயைத் திறந்து யாரையும் புண்படுத்தாமல் போதும் என்று சொல்ல முடிகிறதே.

மயிலாப்பூரில் அப்படி ஒரு ஸ்பூன் கிடையாது. எங்கள் வீட்டில் டீ என்பது வெள்ளையடிக்க வருகிறவர்களுக்குக் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுப்பது. அத்தை பெண்ணைப் பெண் பார்க்க வந்த பையன் வீட்டார், “டீ கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டார்கள் என்பதற்காக அப்பா அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர். அம்மா போய் நாலு வருடமாகிறது. அதற்குப் பிறகு சமையலுக்கு ஆள் வருகிறது, துணி துவைக்க மெஷின் இருக்கிறது. காப்பியை மட்டும் அப்பா யாரிடமும் விடுவதில்லை. எழுபத்தெட்டு வயதில், நான் வந்தால் தினமும் கடை வரைக்கும் நடந்துபோய், கொட்டையை எதிரிலேயே அரைக்கச் சொல்லி வாங்கி வருகிறார். “கொழந்தை வந்திருக்கா, சிக்கரி கலந்துடாதேங்கோ” என்று கடையில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். குழந்தைக்கு மெனோபாஸ் வந்து போய்விட்டது. ஃபோனில் நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. மழை பெய்ததா, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். மீதி அன்பையெல்லாம் அவர் அந்த டம்ளரில்தான் ஊற்றிக் கொடுக்கிறார். அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விமானத்தில் பத்து மணி நேரம் வசனம் யோசித்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் காலை, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது எல்லா வசனமும் மறந்துவிட்டது. குடித்தேன். அன்று பகல் முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து செம்பருத்திக்கு யோகம் அடித்தது.

சர்க்கரை போட்ட காப்பி அல்லவா, மூன்றாம் நாளே தொட்டியைச் சுற்றி எறும்பு. நான்காம் நாள் அப்பா, “பவுடர் சரியில்லையா வசு?” என்றார். “ரொம்ப நன்னா இருக்குப்பா” என்றேன். மறுநாள் வேறு கடைப் பொடி வந்தது. அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். “இளைச்சுட்டே” என்பார். ஊருக்கு வருகிற எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கும் பட்டம் அது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார், கோபமாக இருக்கிறார், வயதான மனிதரை நோகடித்துவிட்டேன் என்று எனக்குள் உறுத்தல். பூ வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, லஸ் பக்கத்தில் ஒரு கடையில் நின்று டீ குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கல்லூரிப் பையன்கள் சிகரெட் பிடித்துவிட்டு வருவது மாதிரி.

பன்னிரண்டாம் நாள் மாலை அப்பா சொன்னார். “நாளைக்கு அடையாறு வரைக்கும் போகணும். நேக்கு ஒரு செக்கப் இருக்கு. துணைக்கு வரயா?” வருகிறேன் என்றேன். “கார்த்தால நீயும் ஒண்ணும் சாப்பிடாதே. நான் பட்டினியா இருக்கறச்சே நீ மட்டும் சாப்பிட்டா நன்னாவா இருக்கும்?” இதென்ன புதுக் கதை என்று தோன்றினாலும், செம்பருத்திக்கு ஒரு நாள் லீவு கிடைத்ததே என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி என்றால் அவருக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பரிசோதனை நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்து, “வசுமதி யாருங்க? வாங்க, ரத்தம் எடுக்கணும்” என்றாள்.

“எனக்கு இல்லைங்க, அப்பாவுக்கு” என்றேன்.

“இல்லம்மா. வசுமதி, வயசு அம்பதுன்னுதான் போட்டிருக்கு. எல்லா டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லி சார்தான் நேத்து வந்து எழுதிக் கொடுத்தாரு.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னப்பா இது?” என்று கேட்டேன். மெல்லிய குரலில், “நீ செடியில ஊத்தறதைப் பார்த்தேன்” என்றார்.

“அதுக்கு எதுக்குப்பா ஆஸ்பத்திரி?”

“உங்கம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சா. முதல்ல காப்பியைத்தான் விட்டா. வாய் கசக்கறதுன்னா. நான் பவுடரை மாத்தினேன். கடையை மாத்தினேன். பாலை மாத்தினேன். மூணு மாசம் மாத்திண்டே இருந்தேனே தவிர, டாக்டர்ட்ட அழைச்சுண்டு போகணும்னு தோணலை. போறச்சே எல்லாம் முடிஞ்சு போயிருந்தது.” கண்ணாடியைக் கழற்றினார். “நீயும் எங்கிட்ட மறைக்கறயோன்னு...”

எனக்கு இது தெரியாது. அம்மாவின் கடைசி இருபது நாளுக்குத்தான் நான் வந்தேன். அதற்கு முந்தைய மூன்று மாதம் எனக்கு ஃபோனில் மழையும் சாப்பாடுமாகவே போனது. அவர் மனம் புண்படக்கூடாது என்று நான் செடிக்கு ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும் இந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். படபடப்பு, ஆறு கோப்பை, மெஷின் மாட்டிய நாள், டாக்டர் சொன்னது, ஃபிராவ் யான்சனின் ஸ்பூன் வரைக்கும்.

“சத்தியமா வேற ஒண்ணுமில்லையே?”

“சத்தியமாப்பா. காப்பி ஒத்துக்கலை. டீ ஒத்துக்கறது. அவ்வளவுதான்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, கவுன்ட்டர் பெண் எழுந்து நின்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். “அசடே! டீ வேணும்னு வாயைத் திறந்து சொல்லப்படாதா? பதினோரு நாளா நான் தூங்கலைடி.” நானும் சிரித்தேன், நானும் அழுதேன். அவர் மன நிம்மதிக்காக ரத்தம் கொடுத்தேன். இ.சி.ஜி.யும் எடுத்தார்கள். சாயங்காலம் வந்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அப்பாவுக்கு அதற்குள்ளேயே பசி எடுத்துவிட்டிருந்தது. பல நாளாக அவருக்குப் பசியே இல்லை என்று சமையல்காரம்மா பிறகு சொன்னாள்.

வெளியே வந்ததும் எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையைக் காட்டி, “அங்க போலாமா?” என்றவர் அப்பா. வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஓர் ஓரமாக நின்றவரைப் பார்த்து டீ மாஸ்டர், “இன்னா நைனா, மேல ஏறி வா. அந்தாண்ட பெஞ்சு காலியா கீது, குந்து. சக்கரை போட்லாமா?” என்று கேட்டார். தன்னை ஒருவர் நைனா என்று கூப்பிட்டதில் அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து குடிக்கப் பார்த்து, சூடு தாங்காமல் மீசையெல்லாம் டீ. “பரவாயில்லையே” என்றார். காப்பிக்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. சக புலம்பெயர்ந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். விமானத்தில் யோசித்த வசனத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் வீட்டார் நாம் நினைப்பதைவிட எளிதாக டீ குடிப்பார்கள். அவர்கள் தாங்க மாட்டாதது நாம் ஒளித்து வைப்பதைத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே டபரா, அதே டம்ளர். “டீ போட்டிருக்கேன்” என்றார். வாய் வைத்தால் டீயுமில்லை, காப்பியுமில்லை. போய்ப் பார்த்தேன். மனிதர் டீத்தூளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் கொட்டி, கொதிநீர் ஊற்றி, முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கியிருக்கிறார். வேறு விதமாக ஒரு பானம் தயாராகலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த ஃபில்டர் அது. அதன் ஒவ்வொரு துளையிலும் காப்பி ஊறிக் கிடக்கிறது. கசப்பும் கறுப்புமாக, மேலே ஆற்றிய நுரையோடு, காப்பி வாசனை அடிக்கும் டீ. அப்படி ஒன்றை நான் லஸ்ஸிலும் குடித்ததில்லை, ஃபிராவ் யான்சன் வீட்டிலும் குடித்ததில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். நெஞ்சு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தேன். டபராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பூன் இருந்தது. “உங்க ஊர் வழக்கமாச்சே. போதும்னா உள்ள போட்டுடு” என்றார் அப்பா, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் நின்றுகொண்டு ‘உங்க ஊர்’ என்கிறார். ஒரு நிமிஷம் சுருக்கென்றது. இன்னும் இரண்டு வாரத்தில் அந்த ஊருக்குத்தான் பெட்டி கட்ட வேண்டும் என்பதும் உண்மைதானே. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்பூனைத் தொடவில்லை. காலி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.